கிழங்கோடு வந்த சம்மந்தியம்மா

வெள்ளிக்கிழமை காலை, முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து திரி போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, "ஆன்ட்டி, உங்களுக்கு ஃபோன்" என்று கூப்பிட்டாள். பூஜையில் உட்கார்ந்தால் நான் எதற்கும் எழுந்திருக்க மாட்டேன் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். தெரிந்தும் கூப்பிடுகிறாளே என்று திரியைக் கீழே போட்டேன். ஓடிப்போய் எடுத்தேன். மாப்பிள்ளை ரமேஷ் பேசினார். "அத்தே, அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே" என்றார். அதற்கு மேல் அவருக்கும் வார்த்தை வரவில்லை, எனக்கும் வரவில்லை. எனக்கே வார்த்தை வரவில்லை என்றால், என்னைப் பழகியவர்கள் புரிந்துகொள்வீர்கள்.

போனவர் ஜெயம்மா. என் மகள் சுமதியின் மாமியார், என் சம்மந்தி. மைசூரில் தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட்டுக்குப் பின்புறச் சந்தில் இருந்தவர். ரவிக்கை தைத்துப் பிழைத்தவர். அந்தப் பக்கம் போனவர்கள் அவர் பெயரை அறியாவிட்டாலும் வீட்டை அறிவார்கள். வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு நீளத் துண்டு மண், அதில் முழுக்க லில்லி. சிவப்பு ஊதுகுழல் மாதிரி ஒரு வகை, மழை பெய்த மறுநாள் ஒன்றாக எழுந்து நிற்கும் வெள்ளை வகை, மே மாதத்தில் தரையிலிருந்து சிவப்புப் பந்து போலக் கிளம்பும் ஒரு வகை. நம் தமிழ்ச் சங்கத்து மலருக்கு அவரைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னார்கள். நாலு வரியில் நிறுத்துகிற ஆள் நான் இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, சந்தில் இடம் போதாமல், தூக்கியவர்கள் மதிலோரமாக அந்த மண்ணில் கால் வைக்கப் போனார்கள். பனிக்காலம் முடிகிற நேரம். மண்ணுக்கு மேலே ஒரு இலைகூட இல்லை, வெறும் தரை மாதிரி கிடந்தது. அதுவரை தூணைப் பிடித்துக்கொண்டு அழுத சுமதி, "அங்க கால் வைக்காதீங்க, கெட்டெ இருக்கு!" என்று கத்தினாள். எல்லோரும் அப்படியே நின்றார்கள். அப்புறம் ஒருக்களித்து, ஒருவர் பின் ஒருவராக, படிக்கல்லின் மேலேயே நடந்து போனார்கள்.

கெட்டெ என்றால் கன்னடத்தில் கிழங்கு. அந்த ஒரு வார்த்தையால்தான் என் மகளுக்கு இந்த வீடு கிடைக்காமல் போக இருந்தது. அதை முதலிலிருந்தே சொல்கிறேன்.

நாங்கள் சத்தியமங்கலம் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். என் வீட்டுக்காரருக்கு மைசூர் ஹெப்பாளில் தொழிற்சாலை வேலை கிடைத்து அங்கேயே குடிவந்தோம். அவருடைய அக்கா, எங்கள் பக்கம் நங்கை என்று சொல்வோம், கணவரை இழந்த பிறகு எங்களோடு வந்துவிட்டார். தாய் தகப்பன் இல்லாமல் தம்பியை வளர்த்தவர் அவர். அவர் சரி என்று சொல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு கயிற்றுக் கட்டில்கூட இடம் மாறாது. கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. கற்றுக்கொள்ளவும் மாட்டேன் என்றிருந்தார்.

சுமதிக்கு அதற்கு முன் பார்த்த வரன்கள் ஏதேதோ காரணத்தால் தட்டிப்போயிருந்தன. எதற்கும் அவள் வாய் திறந்ததில்லை. ரமேஷ், என் வீட்டுக்காரர் போகிற கம்பெனி பஸ்ஸிலேயே வருகிற பையன், ஃபிட்டர். பெண் பார்த்துவிட்டுப் போன அன்று அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, இவரைப் பிடிச்சிருக்குதும்மா" என்றாள். என் பெண் தனக்கு வேண்டும் என்று கேட்ட முதல் விஷயம் அது. முருகா, இதை முடித்துக் கொடு என்று அன்றைக்கே மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன்.

பங்குனியில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். அவர்கள் மூன்று நான்கு தலைமுறையாக மைசூரிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் பாதி கன்னடம். சிவப்பு லில்லி கொத்துக் கொத்தாகப் பூத்திருந்த நேரம். நங்கை வாசலிலேயே நின்று, "இதெல்லாம் என்ன செடிங்க?" என்று கேட்டார். ஜெயம்மா பூவைப் பற்றி யாராவது கேட்டால் போதும், முகமெல்லாம் மலர்ந்துவிடுவார்.

"நம்ம மனெலே எல்லாமே கெட்டெங்க. எங்க அத்தை காலத்துலேர்ந்து கெட்டெதான். வருஷா வருஷம் ஜாஸ்தி ஆகிட்டே போகுது. நான் எங்க போனாலும் யாருக்காவது ஸ்வல்ப கொடுத்துட்டுத்தான் வருவேன்" என்றார்.

நங்கை முகம் கருத்துவிட்டது. உள்ளே போய் உட்கார்ந்தார், வந்த காப்பியைத் தொடவில்லை. "எந்திரி தம்பி, போலாம்" என்றார். ஆட்டோவில் ஏறியதும் வெடித்தார்.

"அந்தம்மாளே வாயால சொல்லிப்போட்டா. மாமியா காலத்துல இருந்து வூடு கெட்டுக் கெடக்குதாம். வருஷா வருஷம் அதிகமாகுதாம். போற பக்கமெல்லாம் கெடுதலைக் குடுத்துட்டு வருவாளாம். அதையும் சிரிச்சுக்கிட்டே சொல்றா!"

நான் மார்க்கெட்டில் பேசிப் பழகியவள். "நங்கை, கெட்டென்னா கன்னடத்துல கிழங்குங்க" என்றேன்.

"ஆமா, பொண்ணுக்கு வயசாகுதுன்னு நீ எதை வேணும்னாலும் கிழங்கும்ப."

அதோடு பேச்சு முடிந்தது. சுமதி அன்று இரவு சாப்பிடவில்லை. யாரோடும் சண்டை போடவுமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ்ஸில் ரமேஷிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். வேறு ஒரு அம்மாவாக இருந்தால், எங்களை நல்லாக் கேட்டுவிட்டு வேறு பெண்ணைப் பார்த்திருப்பார். ஜெயம்மா அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாக பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. நேராக நங்கை முன்னால் தரையில் உட்கார்ந்தார். பையிலிருந்து மண் ஒட்டிய ஒரு கிழங்கை எடுத்து நங்கையின் உள்ளங்கையில் வைத்தார்.

"பெரியம்மா, இதுதான் கெட்டெ" என்றார்.

நங்கை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். "இது வெங்காயமல்லோ!"

"வெங்காயம் மாதிரிதான். ஆனா சாம்பார்ல போட்டுடாதீங்க, அப்புறம் நிஜமாவே கெட்டுடும்."

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். சுமதி கதவுக்குப் பின்னால் சிரித்தது எனக்குக் கேட்டது. நங்கை சிரிக்கவில்லை. தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் சொன்ன சொல்லிலிருந்து இறங்கிவருவது அவருக்குப் பழக்கமில்லை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் முடிவு செய்வதற்கு முன் சாமியிடம் பூப்போட்டுக் கேட்போம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. நினைத்த பூ வந்தால் சாமி சம்மதம், வராவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான். நங்கை கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"இலையில மடிச்சு வேண்டாம். இதையே பூவா வெச்சுக் கேக்கறேன். இதை எங்கூட்டு வாசல்ல நட்டு வெக்கறேன். ஆனி பொறக்கறதுக்குள்ள பூத்துச்சுன்னா புள்ளயைக் குடுக்கறோம். பூக்கலீன்னா சாமிக்கு இஷ்டமில்லீன்னு அர்த்தம். சரிங்களா?"

ஜெயம்மா கொஞ்ச நேரம் அந்தக் கிழங்கையே பார்த்தார். ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். பிறகு, "சரி பெரியம்மா" என்றார். அவரே ஒரு பழைய பெயிண்ட் டின்னில் அடியில் ஓட்டை போட்டு, மணலும் மக்கிய சாணமும் கலந்து, நட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அது பந்துப் பூ வகை. சித்திரையில் மழை விழுந்தால் வெறும் மண்ணிலிருந்து பூத்தண்டு முதலில் வரும், இலை பின்னால் வரும் என்று எனக்குச் சொன்னார்.

அன்று முதல் நான் அந்த டின்னைச் சுற்றி வந்ததில் பாதியாவது கோயிலைச் சுற்றியிருந்தால் எனக்கு மோட்சம் கிடைத்திருக்கும். விளக்குக்கு ஏற்றிய கற்பூரத்தை அதற்கும் காட்டினேன். சுமதி காலையில் எழுந்ததும் முகம் கழுவும் முன் அதைத்தான் பார்ப்பாள். நங்கையும் நாங்கள் பார்க்காத நேரத்தில் பார்ப்பார். சித்திரை போனது. மழையும் பெய்தது. வைகாசி நடுவில் ஒரு பச்சை முனை வந்தது. மொக்கு வந்துவிட்டது என்று நான் வீதியெல்லாம் சொல்லிவிட்டேன். சுமதி என்னைக் கட்டிக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் ரமேஷிடம் சொல்ல, ஜெயம்மா மறுநாளே வந்தார். டின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அந்த முனையை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது மொக்கு இல்லம்மா. எலெ" என்றார்.

இலை வந்துவிட்டால் அந்த வருஷம் பூ இல்லை. என் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தி, "அக்காவுக்கு எலைக்கும் மொக்குக்கும் வித்தியாசம் தெரியாதுங்க. உங்க வூட்டுல மொக்கு விட்டது ஒண்ணை இந்த டின்னுல மாத்தி வெச்சுட்டா, ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. முருகனே அந்த யோசனையைக் கொடுத்த மாதிரி எனக்கு இருந்தது.

ஜெயம்மா எழுந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நேராக உள்ளே போனார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

"பெரியம்மா, இந்தக் கெட்டெ இந்த வருஷம் பூக்காது."

நங்கை பாக்கு இடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"நான் அவசரத்துல தோண்டி எடுத்தேன். வேரெல்லாம் அறுந்துடுச்சு. வேர் அறுந்தா மொதல் வருஷம் சாமான்யமா பூக்காது. நீங்க பூக் கேட்ட அன்னிக்கே எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒண்ணு ரெண்டு பூத்திருக்கு, இதுவும் பூத்தாலும் பூக்கும்னு ஒரு ஆசை. அதனால சும்மா இருந்துட்டேன். நீங்க சாமியைக் கேட்டது சரிதான். ஆனா பதில் சொல்ற வாயை நான்தான் அறுத்துட்டேன். இதை வெச்சு சாமி வேண்டாம்னு சொல்லிட்டார்னு நினைக்காதீங்க. வேற பூ வெச்சு, உங்க வழக்கப்படி மறுபடியும் கேளுங்க. என்ன வந்தாலும் நான் ஒத்துக்கறேன்."

நங்கை கேட்டார்: "உங்கூட்டுல இப்பப் பூத்திருக்குதா?"

"பூத்திருக்கு. வரிசையா."

"அதுல ஒண்ணைக் கொண்டாந்து இங்க வெச்சிருந்தா, எனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பின்ன ஏன் வெக்கலே?"

இதற்கு ஜெயம்மா சொன்ன பதில்தான் இத்தனை வருஷமாக என் காதில் இருக்கிறது. "சுமதி எங்க வீட்டுக்கு வந்தா, தினம் என் முகத்தைத்தானே பார்க்கணும் பெரியம்மா? அந்த முகத்துல ஒரு பொய் இருந்தா அவளுக்குத் தெரிஞ்சுடும். எங்க வீடு சின்னது, ஒளிச்சு வெக்க இடமில்லை."

நங்கை பாக்கு உரலைத் தள்ளி வைத்தார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "தம்பி! ஆடி பொறக்கறதுக்குள்ள ஒரு முகூர்த்தம் பாரு" என்றார். "சாமியைக் கேக்கலீங்களா அக்கா?" என்று இவர் கேட்டார். "கேட்டாச்சு, கேட்டாச்சு. வெங்காயத்தை நம்பிக் கேட்டது என்ற தப்பு" என்றார் நங்கை.

ஆனியில் கல்யாணம் நடந்தது. அந்த டின்னை நங்கை யாரையும் தொட விடவில்லை. அதற்கடுத்த வருஷம் அது பூத்தபோது முன்னால் நின்று, "இப்ப வந்து என்ன பிரயோசனம்? பந்தியே முடிஞ்சுபோச்சு" என்று திட்டினார்.

கல்யாணமாகி முதல் வருஷம் முடிந்தது. சுமதிக்குக் குழந்தை தங்கவில்லை. எங்கள் சனங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கொள்ளேகாலில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு எல்லோரும் போயிருந்தோம். பந்தியில் உட்கார்ந்திருந்த எங்கள் ஊர்ப் பெண்கள் சுமதியைப் பார்த்து, "ஏங் கண்ணு, இன்னும் விசேஷமில்லையா?" என்று ஆரம்பித்தார்கள். ஒருத்தி மருந்து சொன்னாள், ஒருத்தி கோயில் சொன்னாள். சுமதி இலையைப் பார்த்துக்கொண்டு குனிந்திருந்தாள். தாய் நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஊர் வாய்க்கெல்லாம் பதில் சொல்லும் நான், அன்றைக்குச் சும்மா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

எதிர் வரிசையில் இருந்த ஜெயம்மா சத்தமாகச் சொன்னார்: "இடம் மாத்தி நட்ட கெட்டெகிட்ட மொதல் வருஷம் பூக் கேக்கக் கூடாதும்மா. நாங்க ஒருதரம் கேட்டுப் பட்டது போதும். அவ வேர் பிடிக்கட்டும். பூக்கிறப்போ பூக்கட்டும். பூக்கலேன்னாலும் அவ எங்க வீட்டு கெட்டெதான், யாருக்கும் தோண்டிக் கொடுக்க மாட்டேன்."

கேட்டவர்களுக்குப் பாதி புரியவில்லை. "என்ன, மருமகளைக் கெட்டதுங்கறா?" என்று ஒருத்தி கிசுகிசுத்தாள். எங்கள் நங்கை திரும்பி, "கெட்டென்னா கிழங்குடி, கூறு கெட்டவளே. கன்னடம் தெரிஞ்சுக்க" என்றாரே பார்க்கவேண்டும். சுமதி அன்று பாயசம் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

பிறகு பேரன் பிறந்தான். ஆனால் அவன் பிறக்காமல் போயிருந்தாலும் என் மகள் அந்த வீட்டில் தலை நிமிர்ந்துதான் இருந்திருப்பாள். அதைத்தான் நான் முருகனிடம் தினமும் நன்றியாகச் சொல்கிறேன்.

எனக்கும் ஜெயம்மாவுக்கும் ஒரே ஒரு சண்டைதான். அவர் பூவைப் பறிக்க விடமாட்டார். எனக்குக் கண்ணில் பட்ட பூவெல்லாம் சாமிக்குத்தான். ஒரு மே மாதம் அந்தச் சிவப்புப் பந்துகளைப் பார்த்து, "முருகனுக்கு உகந்த நிறம். ஒண்ணே ஒண்ணு" என்று கை நீட்டினேன்.

"பேடாம்மா, வேண்டாம். வருஷமெல்லாம் மண்ணுக்குள்ள இருந்துட்டு இப்பத்தான் வெளிய வந்திருக்கு. வந்ததும் கழுத்தை அறுக்கிறதா?"

"சாமிக்குத்தானுங்க கேக்கறேன்?"

"சாமிக்குன்னா சாமியைக் கூப்பிட்டு வாங்க. ஹெப்பாள் என்ன, காசியா?"

விளையாட்டாகத்தான் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை முருகன் படத்தைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, டவுன் பஸ்ஸில் கொண்டுபோனேன். கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஜெயம்மா சிரிக்கவில்லை. தையல் முக்காலியை எடுத்துவந்து பூ வரிசைக்கு எதிரில் போட்டு, தன் தலைப்பால் துடைத்து, "இங்க வெயில் படாது, இங்க உட்காரட்டும்" என்றார். நான் தீபம் காட்டினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு வருஷா வருஷம் மே மாதத்தில் எங்கள் முருகனுக்கு மொஹல்லாவுக்கு ஒரு பஸ் பயணம் உண்டு.

இந்த வருஷம் தைப்பொங்கலுக்குப் பிறகு ஜெயம்மாவுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. டாக்டர் நுரையீரலில் கோளாறு என்றார். கடைசியாக நான் பார்த்தபோது கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்கள். வெளியே வெறும் மண்தான் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். என் மகளுக்கு அவர் செய்ததற்கெல்லாம் அன்றைக்காவது வாய்விட்டு நன்றி சொல்லிவிட வேண்டுமென்று மனசில் ஒழுங்குபடுத்திக்கொண்டு போயிருந்தேன். ஆரம்பித்தேன், நிறுத்தத் தெரியவில்லை. அவர் என் கையைப் பிடித்து, "அம்மா, பேசறது நல்லா இருக்கு. ஆனா காத்து வர்ற பக்கம் உட்கார்ந்திருக்கீங்க, ஸ்வல்ப தள்ளி உட்காருங்க" என்றார். நான் தள்ளி உட்கார்ந்தேன். அப்புறம் அவரே, "நான் தோண்டினதுலே சரியா வேரோட வந்தது ஒண்ணே ஒண்ணுதான்" என்றார். எந்தச் செடி என்று கேட்டேன். அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சுமதியின் பக்கம் கண்ணைக் காட்டினார். நான் சொல்லவேண்டிய நன்றியை அவர் எனக்குச் சொல்லிவிட்டார் என்று எனக்கு வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

நங்கைக்கு இப்போது நடக்க முடியாது. ஆனாலும் ஜெயம்மா போன அன்று வருவேன் என்று அடம்பிடித்ததால், ஆட்டோவில் தூக்கி வைத்துக் கூட்டிப்போனோம். ஜெயம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்தவர் அழவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோ மார்க்கெட்டைத் தாண்டியதும் என் முழங்காலைத் தட்டினார்.

"அம்மிணி, அடுத்த பொறப்புன்னு ஒண்ணு இருந்து, நம்மூட்டுல ஒரு புள்ள பொறந்துச்சுன்னு வெச்சுக்க. அந்தம்மா எங்க இருந்தாலும் தேடிப் புடிச்சு அங்கயே குடுத்துப்போடோணும். பூவு கீவுன்னு ஒண்ணும் கேக்கப்படாது. நேராப் போயிக் குடுத்துப்போடோணும்."

"சரிங்க நங்கை" என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதார்.

சம்மந்தியம்மா, போய்ச் சேருங்கள். நீங்கள் அங்கே யாரிடமும் எதுவும் கேட்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நானே காலையும் மாலையும் உங்களுக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்: முருகா, அந்த அம்மாவுக்கு அரை நாள் வெயில் படுகிற, தண்ணீர் தேங்காத ஒரு துண்டு மண் கொடு. மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.